ரிப்போர்ட்டில் டைபாய்டு, இடுப்பில் கருப்புப் பொருக்கு

கேள்வி: பாலக்கோடு பக்கத்துக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு வயது 56. தக்காளித் தோட்டம், பத்துப் பதினைந்து ஆடுகள். போன மாதம் அவருக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் ஒரு கிளினிக்கில் ஊசி போட்டார்கள். நாலாம் நாள் ரத்தம் கொடுத்ததில் 'வைடால் பாசிட்டிவ், ஓ 1:80, எச் 1:160' என்று வந்தது. டைபாய்டு என்று செஃபிக்ஸிம் கொடுத்தார்கள். ஆறாம் நாளும் காய்ச்சல் விடவில்லை. வேறொரு லேப்பில் பார்த்ததில் பிளேட்லெட் 82,000, டெங்கு என்.எஸ்.1 நெகட்டிவ், வெள்ளணு 11,200, எஸ்.ஜி.ஓ.டி. 168, எஸ்.ஜி.பி.டி. 142. ஒன்பதாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பித்ததும் தர்மபுரி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே டாக்டர் வேட்டியைத் தளர்த்தச் சொல்லி, அரைஞாண் கயிற்றுக்குக் கீழே இருந்த கருப்புப் பொருக்கு ஒன்றைக் காட்டி, 'இது உண்ணிக்காய்ச்சல்' என்றார். டாக்ஸிசைக்ளின் ஆரம்பித்த இரண்டாம் நாள் காய்ச்சல் நின்றது. பிறகு எலிசாவும் பாசிட்டிவ் வந்தது. அப்படியானால் முதல் லேப் கொடுத்தது பொய் ரிப்போர்ட்டா? எந்தக் கிருமி என்று எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்? முதல் நாளே எல்லா டெஸ்டையும் எடுத்திருந்தால் இவ்வளவு அலைச்சல் இருந்திருக்காதே? இப்போது அம்மாவுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். அப்பாவிடமிருந்து ஒட்டியிருக்குமா, என்ன டெஸ்ட் எடுப்பது? ஆடுகளை விற்றுவிட வேண்டுமா?

பதில்: அம்மாவுக்குக் காய்ச்சல் இருப்பதால் அதற்குரிய பதிலை முதலில் இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன், விவரம் கடைசியில். உண்ணிக்காய்ச்சல் ஆளிடமிருந்து ஆளுக்கு ஒட்டாது. ஆனால் அப்பாவைக் கடித்த பூச்சி இருக்கும் அதே வரப்பிலும் புதரோரத்திலும்தான் அம்மாவும் நடக்கிறார். ஆகவே இன்றைக்கே அவர் உடம்பில் அப்படியொரு பொருக்கு இருக்கிறதா என்று தேடுங்கள். டாக்டரிடம் காட்டும்வரை ஆன்டிபயாடிக் எதையும் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.

இனி வைடால். லேப் பொய் சொல்லவில்லை. அந்த டெஸ்ட் என்ன கேள்விக்குப் பதில் சொல்கிறது என்பதில்தான் சிக்கல். வைடால் கிருமியைப் பார்ப்பதில்லை. டைபாய்டு கிருமியை எதிர்க்கும் ஆன்டிபாடி ரத்தத்தில் இருக்கிறதா, எந்த அளவு இருக்கிறது என்று மட்டும் பார்க்கிறது. 1896-இல் பாரிஸில் ஃபெர்னாண்ட் வைடால் வெளியிட்ட முறை இது. ரத்த நீரை (சீரம்) 1:20, 1:40, 1:80 என்று இரட்டிப்பாக நீர்த்துக்கொண்டே போய், ஒவ்வொன்றிலும் கொன்ற டைபாய்டு கிருமியைக் கலப்பார்கள். எந்த நீர்ப்பு வரைக்கும் கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றனவோ அதுதான் டைட்டர். ஓ என்பது கிருமியின் உடலுக்கு எதிரானது; சுண்ணாம்புத் துகள் போலத் திரளும். எச் என்பது அதன் நீந்தும் இழைக்கு எதிரானது. பஞ்சு பிரிந்தது போலத் திரளும்.

சிறு லேப்களில் பெரும்பாலும் குழாயில் செய்வதில்லை, கண்ணாடித் தகட்டில் செய்கிறார்கள். அங்கே 20 மைக்ரோலிட்டர் சீரம் எடுத்தால் 1:80, 10 எடுத்தால் 1:160 என்று கணக்கு. ஒரு நிமிடத்துக்குள் படித்தாக வேண்டும். தாமதித்தால் சொட்டு ஓரத்தில் காய்ந்து, திரளாததும் திரண்டதுபோலத் தெரியும். ஒரு படி ஏறுவதும் இறங்குவதும் இந்த டெஸ்டில் சாதாரணப் பிழை. 1:80 என்ற எண்ணை வைத்துக்கொண்டு அச்சப்படவும் முடியாது, ஆறுதல்படவும் முடியாது.

அதோடு, எப்போதோ வந்து போன டைபாய்டு, போட்டுக்கொண்ட தடுப்பூசி, டைபாய்டு கிருமியின் குடும்பமான சால்மொனெல்லாவைச் சேர்ந்த வேறு கிருமி, சில சமயம் மலேரியாகூட இந்த ஆன்டிபாடியை ஏற்றிக் காட்டும். டைபாய்டு அடிக்கடி வந்துபோகும் ஊர்களில் நல்ல உடம்போடு இருப்பவர்களிடமே ஓரளவு டைட்டர் இருக்கும். மறுபக்கம், உண்மையான டைபாய்டு இருப்பவருக்கு நாலாம் நாளில் இந்த ஆன்டிபாடி இன்னும் ஏறியே இருக்காது. அது ஏற முதல் வாரம் முடிய வேண்டும். உங்கள் அப்பாவுக்கு எடுத்தது நாலாம் நாள். அன்றைக்கே பாசிட்டிவ் வந்ததென்றால் அது பழைய கதையாக இருக்க வாய்ப்பு அதிகம். முறைப்படி வைடாலை நம்ப வேண்டுமென்றால் பத்துப் பதினாலு நாள் இடைவெளியில் இரண்டு மாதிரி எடுத்து, டைட்டர் நான்கு மடங்கு ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குள் நோயாளி குணமாகியிருப்பார் அல்லது ஐ.சி.யு.வில் இருப்பார். அதனால்தான் யாரும் இரண்டாவது மாதிரி எடுப்பதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்; எண்கள் விளக்கத்துக்கு மட்டுமே. காய்ச்சலோடு வந்த 100 பேரில் 10 பேருக்குத்தான் உண்மையில் டைபாய்டு. டெஸ்ட் அந்தப் பத்தில் ஏழைப் பிடிக்கிறது. மீதி 90 பேரில் ஐந்தில் ஒருவருக்குத் தவறாகப் பாசிட்டிவ் காட்டுகிறது. அது 18 பேர். ஆக மொத்தம் பாசிட்டிவ் 25. அதில் உண்மை 7. பாசிட்டிவ் தாளோடு வெளியே வரும் நாலு பேரில் கிட்டத்தட்ட மூன்று பேருக்கு டைபாய்டு இல்லை. டெஸ்ட் மோசமென்பது மட்டும் இதற்குக் காரணமல்ல. யாருக்கு எடுக்கிறோம் என்று யோசிக்காமல் வந்தவருக்கெல்லாம் எடுப்பதும் காரணம்.

பெரியாஸ்பத்திரி டாக்டர் என்ன செய்தார் என்று பாருங்கள். அவர் புதிதாக ஒரு டெஸ்டும் எடுப்பதற்கு முன்னாலேயே கிருமியின் பெயரைச் சொல்லிவிட்டார். அவர் கையில் மூன்று விஷயங்கள் இருந்தன: காய்ச்சல் எத்தனையாவது நாள், ஆள் என்ன வேலை செய்கிறவர், உடம்பில் என்ன தெரிகிறது.

முதலில் நாள். டெங்குக் காய்ச்சல் ஏழு நாளைத் தாண்டுவது அரிது. ஒன்பதாம் நாளும் 102, 103 டிகிரி அடிக்கிறதென்றால், டெங்குவைவிட மற்றவற்றின் மேல்தான் சந்தேகம் திரும்பும். என்.எஸ்.1 என்பது டெங்கு வைரஸ் வெளிவிடும் புரதம். அது முதல் ஐந்து நாளில் நன்றாகத் தெரியும், பிறகு மங்கிவிடும். அப்பாவுக்கு ஆறாம் நாள் எடுத்த என்.எஸ்.1 நெகட்டிவ், தனியாகப் பார்த்தால் 'டெங்கு இல்லை' என்று சொல்லப் போதாது. அன்றைக்கு ஐ.ஜி.எம். எலிசாவும் (நோய் வந்த புதிதில் உடம்பு செய்யும் ஆன்டிபாடியைக் காட்டும் டெஸ்ட்) சேர்த்து எடுத்திருக்க வேண்டும். ஆனால் ஒன்பதாம் நாளும் விடாத காய்ச்சல் அந்தக் குறையை ஈடுகட்டிவிட்டது.

அடுத்து அந்த எண்கள். 'பிளேட்லெட் குறைந்தால் டெங்கு' என்பது நம் ஊரில் டீக்கடை வரைக்கும் போய்விட்ட முடிவு. டெங்கு, உண்ணிக்காய்ச்சல், மலேரியா, எலிக்காய்ச்சல், கடுமையான டைபாய்டு, ரத்தத்தில் சீழ்க்கிருமி பரவிய நிலை எல்லாவற்றிலும் பிளேட்லெட் குறையும். அதனால் அந்த ஓர் எண் யாரையும் அடையாளம் காட்டாது. கூட என்னென்ன வருகிறது என்று பார்க்க வேண்டும். டெங்குவில் வெள்ளணு பெரும்பாலும் 4,000-க்குக் கீழே இறங்கும். டைபாய்டில் சாதாரணமாகவோ சற்றுக் குறைந்தோ இருக்கும். வெள்ளணுக்களில் ஒருவகையான ஈஸினோஃபில் அடியோடு காணாமல் போவது டைபாய்டுக்கு ஆதரவான சின்னத் தடயம், ரிப்போர்ட்டில் யாரும் கவனிக்காத வரி அது. உண்ணிக்காய்ச்சலில் வெள்ளணு சாதாரணமாகவோ கூடியோ இருக்கும், பிளேட்லெட் குறையும், கல்லீரல் நொதிகளான எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. இரண்டும் சில மடங்கு ஏறும். உங்கள் அப்பாவின் 11,200, 82,000, 168, 142 என்ற நாலு எண்களையும் அருகருகே வைத்தால் டெங்குவைவிட உண்ணிக்காய்ச்சலுக்கே பொருந்துகின்றன. எலிக்காய்ச்சல் என்றால் மஞ்சள் காமாலை தூக்கலாகவும் நொதிகள் அவ்வளவு ஏறாமலும், சிறுநீரகப் பாதிப்பைக் காட்டும் கிரியேட்டினின் கூடியும் இருக்கும். கெண்டைக்கால் தொட்டாலே வலிக்கும், கண் பீளையில்லாமல் சிவந்திருக்கும். நொதிகள் ஆயிரத்தைத் தாண்டினால் மஞ்சள் காமாலை வைரஸ்கள் பக்கம் திரும்ப வேண்டும்.

பிறகு அந்தப் பொருக்கு. உண்ணிக்காய்ச்சலின் கிருமி ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி. மாட்டின்மேல் இருக்கும் உண்ணி இதைப் பரப்புவதில்லை. புல்லிலும் புதரிலும் இருக்கும் ஒருவகைச் சிற்றுண்ணியின் இளம்பருவம் பரப்புகிறது. அரை மில்லிமீட்டர்கூட இருக்காது, கடித்தது தெரியவே தெரியாது. துணி இறுகும் இடம், வியர்வை தங்கும் இடம் தேடி உட்காரும். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல நடுவில் கருப்பும் சுற்றிலும் சிவப்புமாகப் பொருக்கு கட்டும். வலிக்காது, அரிக்காது, அதனால் நோயாளி தானாகச் சொல்லமாட்டார். அக்குள், தொடை இடுக்கு, அரைஞாண் கயிறும் பாவாடை நாடாவும் அழுத்தும் இடம், மார்புக்குக் கீழே, தொப்புள், காதுக்குப் பின்னால், முழங்காலின் உள்மடிப்பு, விதைப்பை ஆகிய இடங்களில் விளக்கு பிடித்துத் தேட வேண்டும். ஈரமான மடிப்பில் கருப்புப் பொருக்கு உதிர்ந்து மஞ்சளாக ஓர் ஆழமில்லாப் புண் மட்டும் இருக்கலாம், அதைச் சேற்றுப்புண் என்று விட்டுவிடுவார்கள். பக்கத்தில் நெறி கட்டியிருந்தால் அங்கே இன்னும் கவனமாகத் தேட வேண்டும்; நெறிதான் பல நேரம் பொருக்கு இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். எல்லோருக்கும் பொருக்கு இருக்காது. இருந்துவிட்டால் அதைவிட உறுதியான தடயம் கிடையாது. ஒரே ஓர் எச்சரிக்கை: செத்த ஆட்டையோ மாட்டையோ தோலுரித்தவரின் கையில், சுற்றிலும் நன்றாக வீங்கி வலிக்காமல் கருத்த புண் இருந்தால் அது அடைப்பான் நோயாக இருக்கலாம். அதை உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

செஃபிக்ஸிம் ஏன் கேட்கவில்லை? அந்த வகை மருந்து பாக்டீரியாவின் செல்சுவரைக் கட்டவிடாமல் தடுத்துக் கொல்வது. ஓரியன்ஷியா நம் ரத்தக்குழாயின் உட்புறச் செல்லுக்குள் புகுந்து வாழ்கிறது. அதன் சுவரும் மற்ற பாக்டீரியாக்களுடையதைப் போன்றதல்ல. அதனால் செஃபிக்ஸிமோ செஃப்ட்ரையாக்சோனோ எத்தனை டோஸ் போனாலும் அதை அசைக்காது. டாக்ஸிசைக்ளின் செல்லுக்குள் புகுந்து வேலை செய்யும். 48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்குவதே ஒரு தடயம். இறங்காவிட்டால் 'இது உண்ணிக்காய்ச்சல்தானா' என்று டாக்டர் மறுபடி யோசிப்பார். ரத்தக்குழாய் முழுக்கக் கசிவதால்தான் அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. இன்னும் இரண்டு மூன்று நாள் தாமதித்திருந்தால் நுரையீரலும் சிறுநீரகமும் மூளையும் ஒவ்வொன்றாக இழுக்கப்பட்டிருக்கலாம்.

இனி லேப்புக்குள் போவோம். கிருமியை அடையாளம் காண ஐந்து வழிகள்தான்: நேரில் பார்ப்பது, வளர்ப்பது, அதன் துண்டைப் பிடிப்பது, அதன் மரபணுவைப் பெருக்கிப் பார்ப்பது, அதற்கு எதிராக உடம்பு செய்த ஆன்டிபாடியைப் பார்ப்பது. முதல் நான்கும் கிருமியையே தொடுகின்றன. ஐந்தாவது கிருமி விட்டுச்சென்ற காலடித் தடம். தடம் புதிதா பழையதா என்பதுதான் வைடாலின் குழப்பமே.

நேரில் பார்ப்பதற்கு மலேரியா ஸ்மியர் நல்ல உதாரணம்; ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பூசி நுண்ணோக்கியில் பார்ப்பது அது. ஓசூர் பக்கம் வெளி மாநிலங்களிலிருந்து வேலைக்கு வருகிறவர்கள், வெளியூர் போய் வந்த லாரி டிரைவர்கள், குளிர் நடுக்கத்தோடு விட்டுவிட்டு வரும் காய்ச்சல் என்றால் ஸ்மியர் கட்டாயம். தடித்த பூச்சில் ஒட்டுண்ணி இருக்கிறதா என்று தெரியும், மெல்லிய பூச்சில் எந்த வகை என்று தெரியும். வைவாக்ஸ் புகுந்த சிவப்பணு ஊதிப் பெரிதாகும். ஃபால்சிபாரம் பிறைநிலா வடிவம் காட்டும். ஒருமுறை நெகட்டிவ் வந்தால் போதாது. 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் மூன்று முறை பார்க்க வேண்டும். கார்டு டெஸ்டும் உண்டு. ஆனால் ஃபால்சிபாரத்துக்கான கோடு, மருந்து சாப்பிட்டு ஒட்டுண்ணி செத்த பிறகும் வாரக்கணக்கில் தெரியும். போன மாதம் மலேரியா வந்தவருக்கு இந்த மாதக் காய்ச்சலில் அந்தக் கோட்டைப் பார்த்து ஏமாறக்கூடாது.

வளர்ப்பதென்றால் ப்ளட் கல்ச்சர். டைபாய்டை உறுதி செய்ய அதுதான் சரியான வழி. நம் மாவட்டங்களில் தேவைக்குக் குறைவாக எடுக்கப்படுவதும், எடுத்தாலும் பாழாக்கப்படுவதும் அதுவே. ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். டைபாய்டு நோயாளியின் ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு கிருமிதான் இருக்கும், பல சமயம் அதுவும் இருக்காது. இரண்டு மில்லி எடுத்து பாட்டிலில் விட்டால் கிருமியே விழாமல் போகலாம். பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி. இரண்டு கையிலிருந்தும் தனித்தனியாக எடுக்க வேண்டும். தோலை ஆல்கஹாலால் துடைத்து, குளோர்ஹெக்ஸிடின் என்றால் அரை நிமிடம், பொவிடோன் அயோடின் என்றால் ஒன்றரை இரண்டு நிமிடம் காயவிட வேண்டும். காயாமல் குத்தினால் மருந்து வேலை செய்யாது. துடைத்த பிறகு நரம்பு எங்கே என்று மறுபடி விரலால் தடவினால் துடைத்ததே வீண். பாட்டிலின் ரப்பர் மூடியையும் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும், அது கிருமியற்றதல்ல. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆன்டிபயாடிக் முதல் டோஸ் போவதற்கு முன்னால் எடுக்க வேண்டும். மூன்றாம் நாள் அப்பாவுக்குப் போட்ட ஊசி ஆன்டிபயாடிக்காக இருந்திருந்தால், அதன் பின் எடுக்கும் கல்ச்சர் நெகட்டிவ் வந்தாலும் அதற்கு அர்த்தமில்லை.

பாட்டில் லேப்புக்குப் போகும்வரை ஃப்ரிட்ஜில் வைக்கக்கூடாது. சிறுநீர் மாதிரிக்கு நேர்மாறு: இரண்டு மணி நேரத்துக்குள் கொடுக்க முடியாவிட்டால் ஃப்ரிட்ஜில்தான் வைக்க வேண்டும். வெப்பத்தில் ஈ.கோலி என்ற குடல் கிருமி சாதகமான சூழலில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும்; இரண்டு மணி நேரத்தில் 64 மடங்கு. சும்மா ஒட்டிக்கொண்டு வந்த ஆயிரம் கிருமிகூட 'தொற்று' என்று சொல்லப்படும் அளவை நெருங்கிவிடும். முதுகுத்தண்டு நீரையோ ஃப்ரிட்ஜில் வைத்தால் மூளைக்காய்ச்சல் கிருமிகள் குளிரில் செத்துப்போகும். அனுப்பும் ஆள் இந்த மூன்றையும் ஒரே பையில் போட்டு ஐஸ் வைத்து அனுப்பினால் லேப்பால் ஒன்றும் செய்ய முடியாது.

தானியங்கி இயந்திரம் பாட்டிலுக்குள் கிருமி விடும் கரியமில வாயுவை இடைவிடாமல் கண்காணித்து மணியடிக்கும். டைபாய்டென்றால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளுக்குள் அடித்துவிடும். ஐந்து நாள் வரை காத்திருந்து பார்த்துவிட்டு 'வளரவில்லை' என்று எழுதுவார்கள். மணியடித்ததும் ஒரு சொட்டை எடுத்து கிராம் சாயம். ஊதாச் சாயம், அயோடின், ஆல்கஹால், சிவப்புச் சாயம் என்று நாலு படி. ஆல்கஹாலைச் சில விநாடிகள் கூடுதலாக ஓடவிட்டால் ஊதாவாக நிற்க வேண்டியதும் சிவப்பாகிவிடும்; புதியவர்கள் செய்யும் தவறு பெரும்பாலும் இந்தப் படியில்தான். சிவப்புக் குச்சி தெரிந்தால் அந்த நிமிடமே வார்டுக்கு ஃபோன் போகும். மறுநாள், கிருமி வளர்க்கும் மெக்கான்கி தட்டில் நிறமில்லாத கொத்துகள்: இந்தக் கிருமி லாக்டோஸைப் புளிக்கவைக்காது, அதனால் ஈ.கோலியின் ரோஜா நிறம் வராது. பிறகு இரும்பும் மூன்று சர்க்கரையும் கலந்த சாய்குழாயில் மேலே சிவப்பு, அடியில் மஞ்சள், வாயுக் குமிழ் கிடையாது, நடுவே மீசை போல மெல்லிய ஒரு கருப்புக் கோடு. யூரியாவை உடைக்காது, சிட்ரேட்டில் வளராது, ஆனால் நீந்தும். இத்தனையும் பொருந்திய பிறகு சால்மொனெல்லாவின் ஓ9, வை, எச்-டி ஆன்டிசீரங்களோடு (அந்தந்த ஆன்டிபாடி உள்ள ரத்த நீர்) திரள்கிறதா என்று பார்த்துத்தான் 'சால்மொனெல்லா டைஃபி' என்று எழுதுவார்கள். கூடவே எந்த மருந்து கேட்கும் என்ற பட்டியலும் வரும். வைடால் எத்தனை முறை எடுத்தாலும் தர முடியாத தகவல் அது.

கல்ச்சரிலும் ஏமாற்றம் உண்டு. இரண்டு பாட்டிலில் ஒன்றில் மட்டும், அதுவும் தாமதமாக, தோலில் வாழும் ஸ்டஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் வளர்ந்தால் அது ஊசியோடு உள்ளே போனது. 'கல்ச்சர் பாசிட்டிவ்' என்ற இரண்டு சொல்லைப் பார்த்து விலையுயர்ந்த ஊசி ஆரம்பிப்பதற்கு முன் எத்தனை பாட்டிலில், எத்தனை மணி நேரத்தில் என்று கேட்க வேண்டும்.

உங்கள் அப்பாவின் கிருமி இந்த வழியில் சிக்கவே சிக்காது. ஓரியன்ஷியா உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே வளரும்; பாட்டிலில் வளராது, கிராம் சாயத்திலும் ஒழுங்காகத் தெரியாது. அதற்கு ஐ.ஜி.எம். எலிசா. அதுவும் முதல் வாரம் முடியும் தறுவாயில்தான் ஏறும். மூன்றாம் நாள் எடுத்து நெகட்டிவ் என்றால் ஒன்றும் தெரிந்ததாகாது. பொருக்கைச் சுரண்டி, மரபணுவைப் பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆர். செய்தால் முதல் சில நாளிலேயே தெரியும். ஆனால் அந்த வசதி எல்லா இடத்திலும் இல்லை. வைடாலைப் போலவே ஆன்டிபாடியைத் திரளவைத்துப் பார்க்கும் பழைய வெய்ல்-ஃபெலிக்ஸ் டெஸ்ட் இன்னும் சில லேப்களில் இருக்கிறது. பலரைத் தவறவிடும், நெகட்டிவ் வந்தால் நம்பாதீர்கள். எலிசா பாசிட்டிவும் குணமான பிறகு மாதக்கணக்கில் நீடிக்கும். அப்பாவுக்கு அடுத்த சில மாதங்களுக்குள் வேறு காய்ச்சல் வந்தால் 'போன முறை உண்ணிக்காய்ச்சல் வந்தது' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் பழைய ஐ.ஜி.எம். புதிய நோயின் பெயரை மறைத்துவிடும்.

'முதல் நாளே எல்லாவற்றையும் எடுத்தால் என்ன' என்ற கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது: முதல் நாளில் பாதி டெஸ்டுகளுக்கு நேரமே வந்திருக்காது. மீதிப் பாதி கணக்கில் இருக்கிறது. ஒவ்வொரு டெஸ்டும் நூறில் ஐந்து பேருக்குத் தவறாகப் பாசிட்டிவ் காட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு டெஸ்ட் அடங்கிய 'ஃபீவர் பேக்கேஜ்' எடுத்தால், அந்த ஆறு நோயும் இல்லாத நூறு பேரில் சுமார் 26 பேருக்கு ஏதாவது ஒன்றாவது பாசிட்டிவ் என்று வரும். டைபாய்டும் பாசிட்டிவ், டெங்குவும் பாசிட்டிவ், எலிக்காய்ச்சலும் பாசிட்டிவ் என்று மூன்று தாளோடு வருகிறவர்களுக்கு மூன்று நோயும் இருப்பது மிக அரிது.

ஆடு வளர்க்கும் வீடு என்பதால் இன்னொரு பெயரையும் நினைவில் வையுங்கள்: ப்ரூசெல்லா. ஆடு குட்டி போடும்போது வெறுங்கையால் எடுப்பவர்கள், நஞ்சுக்கொடியைத் தொடுபவர்கள், காய்ச்சாத பால் குடிப்பவர்கள் ஆகியோருக்கு வாரக்கணக்கில் வந்துவந்து போகும் காய்ச்சல், இடுப்பு வலி, ராத்திரி வியர்வை என்றால் அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பட்டியில் அடுத்தடுத்து ஆடுகள் கரு கலைத்திருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். டாக்டர் கல்ச்சர் அனுப்பினால் 'ப்ரூசெல்லா சந்தேகம்' என்று படிவத்தில் எழுதச் சொல்லுங்கள். அது மெதுவாக வளரும். தெரியாமல் திறந்து கையாளும் லேப் ஊழியருக்கே தொற்றிவிடும்.

இப்போது அம்மா. இன்று இரண்டாம் நாள். இன்றைக்குப் பயனுள்ளவை: முழு ரத்த எண்ணிக்கை, டெங்கு என்.எஸ்.1, மலேரியா ஸ்மியர். இன்றைக்குப் பயனற்றவை: வைடால், உண்ணிக்காய்ச்சல் எலிசா, எலிக்காய்ச்சல் ஐ.ஜி.எம். மூன்றும். சிறுநீர் எரிச்சலோ இடுப்புப் பக்க வலியோ இருந்தால் சிறுநீர் பரிசோதனையும் கல்ச்சரும் சேர்த்துக்கொள்ளலாம். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், டாக்டர் சொல்லும் அளவில். 'வலிக்கு ஒரு ஊசி' என்று டைக்ளோஃபெனாக் போட்டுக்கொள்ள வேண்டாம். டெங்கு இல்லை என்று தெரியும்வரை ரத்தக்கசிவு அபாயம் இருக்கிறது. ஸ்டீராய்டு ஊசியும் வேண்டாம். இரண்டு நாள் காய்ச்சலை அமுக்கிவிட்டு, எல்லாத் தடயத்தையும் கலைத்துவிடும். நாலாம் அல்லது ஐந்தாம் நாளும் காய்ச்சல் இருந்தால், ஆன்டிபயாடிக் ஆரம்பிப்பதற்கு முன் ப்ளட் கல்ச்சர் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். ஏழாம் நாள் வாக்கில் எலிசாக்களுக்கு நேரம் வரும். ஆனால் பொருக்கு தென்பட்டாலோ, மூச்சு, இருமல், சோர்வு கூடினாலோ எலிசாவுக்காகக் காத்திருக்கக்கூடாது. அப்பாவின் கதையைச் சொன்னாலே டாக்டர் டாக்ஸிசைக்ளினைப் பற்றி யோசிப்பார். அதை எழுதிக் கொடுத்தால் சாப்பாட்டுக்குப் பின் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்கச் சொல்லுங்கள். தொண்டைக்குழாயில் தங்கினால் புண்ணாக்கும். பாலோடும் இரும்புச்சத்து மாத்திரையோடும் சேர்த்துக் கொடுத்தால் மருந்து உடம்பில் சரியாக ஏறாது.

காய்ச்சல் இறங்கியவுடன் வயிறு வலித்தாலும், விடாமல் வாந்தி எடுத்தாலும், சிறுநீர் குறைந்தாலும், பேச்சு தடுமாறினாலும், ஈறிலோ தோலிலோ ரத்தம் தெரிந்தாலும் 108-க்கு அழையுங்கள். டெங்குவில் காய்ச்சல் விடும் நாள்தான் ஆபத்தான நாள்.

டாக்டரிடம் போகும்போது ரிப்போர்ட்டுகளோடு ஒரு தாளும் எடுத்துப்போங்கள். அதில் காய்ச்சல் ஆரம்பித்த தேதியும் நேரமும், எந்த நாளில் என்ன மாத்திரை, என்ன ஊசி (காலி அட்டையும் மருந்துக் குப்பியும் இருந்தால் இன்னும் நல்லது), கடந்த மூன்று வாரத்தில் போன இடங்கள், தோட்ட வேலை, ஆடு, எலித் தொல்லை, குடிநீர் எங்கிருந்து என்பதெல்லாம் எழுதியிருக்கட்டும். மூன்று வாரம் என்பதற்குக் காரணம் உண்டு: உண்ணிக்காய்ச்சல் கடித்த நாளிலிருந்து வெளித்தெரிய ஆறு முதல் இருபத்தொரு நாள் வரை ஆகலாம்.

ஆடுகளை விற்க வேண்டாம். சிற்றுண்ணி எலியையும் புதரையும் நம்பி வாழ்கிறது. பட்டியைச் சுற்றியும் வரப்போரமும் இருக்கும் புதரை வெட்டி வெயில் படும்படி திறந்துவிடுங்கள். வெட்டும்போது முழுக்கைச் சட்டையும் கால்சட்டையும் போட்டு, கால்சட்டையை சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள். புல்தரையில் துண்டு விரிக்காமல் உட்காருவது, துவைத்த துணியைச் செடியின்மேல் காயப்போடுவது இரண்டையும் விட்டுவிடுங்கள். தோட்டத்திலிருந்து வந்ததும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்து, கழற்றிய துணியை மறுபடி உடுத்தாமல் வெந்நீரில் ஊறவையுங்கள். மழையும் பனியுமான மாதங்களில், ஐப்பசியிலிருந்து மாசி வரைக்கும், இதில் கூடுதல் கவனம் இருக்கட்டும்.